முளைப்பாரி இருட்டுக்குள் போன கதை

அந்தக் காலத்தில், கோழியும் வண்டும் மனுசரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டு திரிந்த காலத்தில், முளைப்பாரி பச்சையாக இருந்தது. இன்றைக்குப் பெண்கள் தலையில் தூக்கிக்கொண்டு போகிறார்களே, வைக்கோலைவிட வெளுப்பாக, மஞ்சளும் வெள்ளையுமாக, அப்படி இல்லை. வயலில் நிற்கிற பயிர் மாதிரி கரும்பச்சையாக இருந்தது. வெயிலில் வளர்ந்தால் பச்சையாகத்தானே இருக்கும். அப்போதெல்லாம் ஒவ்வொருத்தியும் தன் வீட்டு வாசலில், போகிறவர் வருகிறவர் கண்ணெல்லாம் படுகிற இடத்தில் சட்டியை வைத்துத்தான் பாரி வளர்த்தாள்.

நொச்சியேந்தல் என்று ஓர் ஊர். வானத்தைப் பார்த்து வாழ்கிற பூமி. மழை பெய்தால் கம்பு விளையும். பெய்யாவிட்டால் கம்பு விளைந்த கதையைப் பேசிக்கொண்டு படுத்துக் கிடப்பார்கள். அந்த ஊரில் ஆடி மாதம் கண்மாய்க்கரை அம்மனுக்குக் கும்பிடு. காப்புக் கட்டினதும் வீட்டுக்கு ஒரு சட்டி எடுப்பார்கள். வாயகன்ற மண்சட்டியில் வைக்கோலைப் பரப்பி, கரம்பை மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் போட்டு, தங்கள் வீட்டு விதைக்கம்பை அதில் தெளிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, விதை கொட்டி வைத்திருக்கிற குலுமைக்குள் கையை விட வேண்டும். அள்ளினதை அள்ளினபடி போட வேண்டும். பொறுக்கக் கூடாது, புடைக்கக் கூடாது. அது அம்மன் முன்னால் ஒத்துக்கொண்ட நியாயம்.

கும்பிடு நாள் காலையில் பூசாரி வந்து ஒவ்வொரு சட்டியாகச் சாண் போட்டு அளப்பார். எது உசரமோ அது முன்பாரி. அந்த வீட்டுக்காரிதான் ஊர்வலத்தில் எல்லாருக்கும் முன்னால் நடப்பாள். அதோடு முடியாது. முன்பாரி வீட்டுக் கம்புதான் அந்த வருசம் ஊர் முழுக்க விதை. 'அம்மன் காட்டிக் கொடுத்த விதை' என்று எல்லாரும் அங்கே வந்துதான் அளந்து வாங்குவார்கள். தங்கள் தங்கள் வீட்டு விதைக்கம்பை மறுநாள் காலையில் இடித்து, கோயில் அண்டாவில் கொட்டி, கூழ் காய்ச்சி ஊரோடு குடித்துவிடுவார்கள். எந்த வீட்டு விதை நல்ல விதை என்று கண்ணால் பார்த்துவிட்டு விதைப்பது நல்ல ஏற்பாடுதான். அந்தக் கண்ணைத்தான் நம்ப முடியாமல் போயிற்று.

அந்த ஊரில் இருளாயி என்று ஒருத்தி. மாயழகு பெண்சாதி. கல்யாணமாகி வந்ததிலிருந்து முன்பாரி அவளுடையதுதான். அந்த ஒரு நாள் நடையை ஒரு நாள் கூத்து என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைக்கு நின்ற வரிசைதான் வருசம் முழுக்க ஓடும். முன்பாரிக்காரி கிணற்றடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை நகட்டிக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் முதல் உலையில் அரிசி போடுகிறவள் அவள். ஊரில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் அதன் நாக்கில் முதன்முதலாகச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிற விரல் அவள் விரல். இருளாயிக்கு வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. ஆனால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் அவள் விரலைச் சப்பித்தான் இனிப்பு என்றால் என்னவென்று தெரிந்துகொண்டன. அதனால் அவளுக்கு அந்த முன்வரிசை வெறும் பெருமை இல்லை. வீட்டுக்குக் கூரை மாதிரி.

இப்படி இருக்கும்போது மாயழகுவின் தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. பூவாயி வந்தாள். ஆற்றுக்கரைப் பக்கத்துப் பெண். சிரித்தால் வாய் மூடத் தெரியாது. சீர்வரிசையோடு சீர்வரிசையாகத் தாய்வீட்டிலிருந்து ஒரு பானை விதைக்கம்பும் கொண்டுவந்தாள். அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பூவாயி அம்மியில் மஞ்சள் அரைத்தால் இருளாயிக்குக் கேட்கும். பூவாயி சிரித்தால் அதுவும் கேட்கும்.

முதல் வருசம் பூவாயியின் பாரி இருளாயியின் பாரிக்குத் தோள்வரை வந்தது. "கைராசிக்காரிதான்" என்றார்கள். இருளாயியும் சொன்னாள், வாயால். இரண்டாம் வருசம் காதுவரை வந்தது. அந்த வருசம் கிணற்றடியில் இருளாயிக்குக் குடத்தை நகட்டியவர்கள், பூவாயி வந்தபோதும் கொஞ்சம் நகட்டினார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை. இருளாயி கவனித்தாள்.

அடுத்த ஐப்பசியில் அடைமழை. இருளாயி வீட்டு உள்வீட்டில், சன்னல் இல்லாத அந்த இருட்டறையில், விதைக்குலுமைக்கு மேலே கூரை ஒழுகிற்று. யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது குலுமைக்குள் கையை விட்டால் சூடாக இருந்தது. மக்கல் வாடை. கம்புக்குள் வண்டு.

"ஏங்க, விதை மக்கிப்போச்சு போலருக்கே" என்று மாயழகுவிடம் சொன்னாள்.

"மக்குனா நம்ம பாரி முன்பாரியா வராது. வேற வீட்டு விதைய வாங்கி வெதச்சுட்டுப் போறோம். இதுக்கா இப்படி முழிக்கிற?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு அது அவ்வளவுதான்.

வேறு வீட்டு விதை. எந்த வீட்டு விதை என்று அவளுக்குத் தெரியாதா? சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு விதை. பூவாயி படியைக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்கக்கா, எம்புட்டு வேணும்?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டு கேட்பாள். அதை நினைத்தபோதே இருளாயிக்குக் காதெல்லாம் சுட்டது.

ஆடி வந்தது. காப்புக் கட்டினார்கள். இருளாயி உள்வீட்டுக்குள் போனாள். கண்ணை மூடவில்லை. ஒரு சுளகு நிறையக் கம்பை அள்ளிவந்து, கதவை ஒருக்களித்து, வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார்ந்து, ஓட்டையில்லாத மணியாக ஒன்றொன்றாகப் பொறுக்கினாள். குலுமைக்குள்ளிருந்து வண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தன.

"நாங்க தின்னது போக மிச்சத்தைத் தேடுறா" என்றது ஒரு வண்டு.

"தேடட்டும், தேடட்டும். சாயந்தரம் வரைக்கும் பொழுது போகும்" என்றது இன்னொன்று.

இருளாயி காது கேளாதவள் மாதிரி அடுத்த மணியைப் பொறுக்கினாள்.

பொறுக்கிப் போட்டும் முளை வரவில்லை. தெருவில் எல்லாச் சட்டியிலும் மண்ணைப் பிளந்துகொண்டு பச்சை தலைகாட்டிவிட்டது. இருளாயியின் சட்டியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊசி குத்தினாற்போல நாலு முளை. அவளிடம் ஒரு செவலைக் கோழி இருந்தது. நாலு வீடும் மேய்ந்து, நாலு வீட்டுக் கதையும் சுமந்துவருகிற கோழி.

"போயி அங்கிட்டுப் பாத்துட்டு வா" என்றாள்.

கோழி சுவரேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

"எம்புட்டு வந்துருக்கு?"

"மூணு விரக்கடை இருக்கும் ஆத்தா. அடர்த்தின்னா அடர்த்தி, அம்புட்டு அடர்த்தி. ஒரு மணி கூடப் பழுதில்ல. எனக்கே கொத்த மனசு வரல."

"ஒன்ன வருணிக்கச் சொன்னேனா? நம்மளது எப்படி இருக்கு, அதச் சொல்லு."

கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் சட்டியைப் பார்த்தது. "மண்ணு நல்லாருக்கு" என்றது.

இருளாயி விளக்குமாற்றை எடுத்தாள். கோழி ஓடிவிட்டது. ஆனால் மறுநாளும் அவளே கூப்பிட்டு அனுப்பினாள். அதற்கு மறுநாளும். தெரிந்துகொள்ளாமலும் இருக்க முடியவில்லை. தெரிந்துகொண்டு தாங்கவும் முடியவில்லை. பல்லில் வலி இருந்தால் நாக்கு அங்கேயேதானே போகும், அந்த மாதிரி.

ஒருநாள் எதிர்வீட்டுச் சீனியம்மா தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றாள். நாக்கில் முள் வைத்துப் பேசுகிறவள். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, இந்த வருசம் மண்ணையா வளக்குறீக?"

"காலந்தாழ்த்திப் போட்டேன். வரும்."

"வரட்டும் வரட்டும். ஆனா ஒண்ணு, முன்பாரி உங்க குடும்பத்தை விட்டுப் போகாது. இந்தச் சுவத்துக்கு அங்கிட்டு இல்லாட்டி இங்கிட்டு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சமயம் பார்த்து அந்தப் பக்கம் பூவாயியும் எதற்கோ சிரித்தாள். அவளுக்கு இவர்கள் பேச்சு எதுவும் தெரியாது. இருளாயிக்கோ இரண்டு சிரிப்பும் ஒரே சிரிப்பாகக் கேட்டது.

சட்டியைத் தூக்கினாள். உள்வீட்டுக்குள் கொண்டுபோய், குலுமைக்குப் பின்னால், கைகூடத் தெரியாத இருட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஏமாற்ற வேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை. யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது.

"சட்டிய எங்க மதினி காணோம்?" என்று கேட்டவர்களிடம், "கோழி கொத்துது, உள்ள வச்சுருக்கேன்" என்றாள்.

"நான் கொத்தினேனா?" என்று கோழி நடுத்தெருவில் நின்று நியாயம் கேட்டது. "ஒரு மணி வாயில வச்சிருந்தா என் குஞ்சு மேல ஆணை!" கோழி பேச்சை யார் எடுத்துக்கொண்டார்கள்?

இருட்டில் அந்த நாலு முளையும் கண்விழித்தன. அவற்றோடு, வரலாமா வேண்டாமா என்று மண்ணுக்குள் யோசித்துக்கொண்டிருந்த மற்ற மணிகளும் முளைவிட்டன.

"ஆத்தா, விடிஞ்சிருச்சா?" என்று கேட்டன.

"இன்னும் விடியல. வளருங்க" என்றாள் இருளாயி, தண்ணீரைத் தெளித்துக்கொண்டே.

மறுபடி போனாள். "வெயிலு எங்கிட்டு இருக்கு ஆத்தா? கொஞ்சம் காட்டேன்."

"மேல இருக்கு. எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தன. தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் எட்டின. பக்கத்தில் ஒளி இருந்தால் பயிர் நிதானமாகத் தண்டைத் தடிப்பாக்கி, இலையை விரித்து வளரும். ஒளியே இல்லாவிட்டால் அதற்கு வேறு வேலை ஏது? தண்டில் சத்து ஏறவில்லை, இலையில் பச்சை ஏறவில்லை. இருந்த கொஞ்ச உயிரையும் உசரமாக்கிக்கொண்டு, வெயில் எங்கே, வெயில் எங்கே என்று தேடித் தேடியே அவை நீண்டன.

இருளாயி இருட்டில் கையை விட்டுத் தடவினாள். முதலில் விரல் நுனி பட்டது. அடுத்த தடவை உள்ளங்கை பட்டது. பிறகு ஒருநாள் கையை நீட்டுவதற்கு முன்னாலேயே மணிக்கட்டில் எதுவோ குளிர்ச்சியாக உரசிற்று. திடுக்கிட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து அந்தக் கீற்று வெளிச்சத்தில் பார்த்தாள். சாணைத் தாண்டி நின்றது. ஆனால் பச்சை இல்லை. சீக்குப் பிடித்த பிள்ளையின் முகம் மாதிரி மஞ்சள்.

முதலில் பயந்தாள். அப்புறம் கோழியைக் கூப்பிட்டாள்.

"அங்க எம்புட்டு?"

"சரியா ஒரு சாண் ஆத்தா."

கதவை மறுபடி சாத்தினாள். இந்தத் தடவை தெரிந்தேதான் சாத்தினாள்.

கும்பிடு நாள் காலையில் ஆண்டிப் பூசாரி குளித்து முழுகித் தெருவில் வந்தார். ஒவ்வொரு வாசலாகக் குனிந்து சாண் போட்டார். பூவாயியின் சட்டிக்கு வந்தபோது கூட்டம் கூடிவிட்டது. பச்சைப் பாய் விரித்தாற்போல நின்றது பாரி. "சாணுக்குச் சாண்!" என்று பூசாரி நிமிர்ந்தார். குலவைச் சத்தம் கிளம்பப் போனது.

"இங்கயும் ஒண்ணு இருக்கு சாமி" என்றாள் இருளாயி.

உள்ளேயிருந்து சட்டியை எடுத்துவந்தாள். துவண்டு விழாமல் இருக்க நடுவில் வாழைநாரால் ஒரு கட்டுக் கட்டி, கட்டு தெரியாமல் செவ்வரளியைச் சுற்றியிருந்தாள். வெயில் பட்டதும் முளைகள் கூசிப்போய், "ஆத்தா, கண்ணு எரியுது" என்றன. கூட்டத்து இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

"அடி ஆத்தீ! தங்கமாட்டம்ல இருக்கு!"

"அம்மன் தன் கையால மஞ்சப் பூசி விட்டுருக்கா."

பூசாரி அளந்தார். சாணும் நாலு விரக்கடையும். சீனியம்மாகூட இரண்டு கையையும் கூப்பிவிட்டாள்.

இருளாயி முன்பாரியாக நடந்தாள். பறையும் உறுமியும் முன்னால் போக, ஊர்ப் பெண்கள் அத்தனைபேரும் பச்சையைச் சுமந்து பின்னால் வர, மஞ்சளைச் சுமந்து அவள் மட்டும் தனியாக. பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். பூவாயி முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்குத்தானே இவ்வளவும். ஆனால் பூவாயி தலைகுனிந்து வந்தாள். சட்டியின் நிழல் முகத்தை மறைத்தது. இருளாயிக்கு எலுமிச்சம்பழ அளவு ஏமாற்றம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் விடிந்ததும் ஊரெல்லாம் உலக்கைச் சத்தம். வீட்டுக்கு வீடு விதைக்கம்பை உரலில் கொட்டி இடித்தார்கள். இடித்ததைச் சுளகில் அள்ளிக்கொண்டு பெண்கள் சிரித்துப் பேசியபடி கோயிலுக்குப் போனார்கள். அங்கே அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. இருளாயி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் சத்தம் ஓய ஓய, ஓய்ந்த வீடுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். இப்போது சொன்னால் பாதி ஊர் விதை மிஞ்சும் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, இப்போது சொன்னால் கால்வாசி மிஞ்சும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டேதான் நின்றாள்.

அப்போது பூவாயி வந்தாள். கையில் காலிப் பானை.

"அக்கா, எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி எனக்கு விதை அளந்து விடுறீகளா?"

"என்னடி இம்புட்டு அவசரம்?"

பூவாயி சிரிக்கவில்லை. பானையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்தாள். "ஒண்ணு சொல்லணும்க்கா. நேத்து ஒங்க பாரியப் பாத்ததும் எனக்கு வயிறு காந்திப் போச்சு. ஊரே பூரிச்சு நிக்குது, எனக்கு மட்டும் அதப் பிடுங்கிப் போட்டா என்னன்னு வந்துருச்சு. உங்க முதுகையே முறைச்சுப் பாத்துக்கிட்டு வந்தேன். அப்புறம் வெக்கமாப் போயித் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டேன். மனசுல அத வச்சுக்கிட்டு உங்க கையால விதை வாங்குனா விளங்குமா? அதான் சொல்லிப்புட்டேன். திட்டணும்னா திட்டிருங்க."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இருளாயி இத்தனையும் செய்தாள். பூவாயி தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். பட்டுவிட்டாள், வாயைத் திறந்து சொல்லியும் விட்டாள். அது வாய்க்குள் விழுந்தபோது மக்கின கம்பு மாதிரி இருந்தது.

"பானைய வச்சுட்டுப் போ. அளந்து வைக்கிறேன்" என்றாள்.

"சரிக்கா. நானும் போயி எங்க கம்பை இடிக்கணும். நாந்தான் கடைசி. எங்கம்மா இந்த வருசமும் குடுத்து விட்ட விதை பாருங்க, உரல்ல கொட்டக் கை வரல. அதான் இம்புட்டு நேரம் சும்மா வச்சுக்கிட்டே இருந்தேன்."

பூவாயி போய்விட்டாள். இருளாயி பானையை எடுத்துக்கொண்டு உள்வீட்டுக்குள் போனாள். குலுமையின் வாயைத் திறந்து படியைவிட்டு அள்ளினாள். படியில் பாதி மாவு, பாதி உமி. நடுவில் வண்டுகள் நெளிந்துகொண்டு வந்தன.

"அளக்கப் போறியா ஆத்தா?" என்றது ஒன்று. "தாராளமா அள. வீட்டுக்கு நாலு பேரைப் போட்டு அனுப்பு. இந்தக் குலுமைய விட்டா வேற ஊரு பாத்ததில்ல நாங்க."

"மழை பெய்யட்டும், விதைக்கட்டும், ஒண்ணும் முளைக்காது. அப்பப் பாரு இந்த ஊரு மொகத்த" என்றது மற்றொன்று. "ஆனா நீ கவலப்படாத. அதுக்குள்ள உனக்குக் கிணத்தடியில எல்லாரும் குடத்த நகட்டியிருப்பாக."

சுவருக்கு அந்தப் பக்கம் உரலில் கம்பு கொட்டுகிற சத்தம் சரசரவென்று கேட்டது. உலக்கை ஒருமுறை விழுந்தது. இருளாயி படியோடு நின்றாள். சேனைக்கு வாய் திறக்கிற பிள்ளைகளை நினைத்தாள். சொல்லிவிட்டால் அதில் ஒரு பிள்ளையைக்கூட இனி எந்தத் தாயும் அவள் பக்கம் நீட்ட மாட்டாள். உலக்கை மறுபடி விழுந்தது. படி கையிலிருந்து நழுவிற்று.

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. பூவாயி உலக்கையை மேலே தூக்கியிருந்தாள். இருளாயி பாய்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தொங்கினாள்.

"இடிக்காதடி! ஒன் விதைய இடிக்காத!"

"என்னக்கா? விடுங்க, மேல விழுந்துரும்!"

"என் கம்பு அம்புட்டும் மக்கு. வண்டு தின்ன கம்பு. பொறுக்கிப் போட்டேன். இருட்டுல ஒளிச்சு வச்சு வளத்தேன். அம்மன் மஞ்சப் பூசல, ஒண்ணும் பூசல. நாந்தான்... ஒன் சட்டி என் சட்டியத் தாண்டுறதப் பாக்க முடியாம நாந்தான் செஞ்சேன்."

உலக்கை பூவாயி கையிலிருந்து கீழே விழுந்து உருண்டது. சத்தம் கேட்டு அக்கம்பக்கம் கூடிற்று. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கினபோது சீனியம்மா தலையில் அடித்துக்கொண்டு அலறினாள்: "அடிப் பாவி! எங்க விதையெல்லாம் அங்க கூழாக் கொதிக்குதேடி!"

ஆண்கள் கோயிலுக்கு ஓடினார்கள். என்ன செய்ய? கொதித்த கூழை மறுபடி விதையாக்க முடியுமா? அண்டா அண்டாவாக அடுத்த வருசத்துச் சோறு குமிழி விட்டுக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் பாரிச் சட்டிகள் வெயிலில் வரிசையாக இருந்தன. பச்சைப் பாரியெல்லாம் விறைப்பாக நின்றது. முன்னால் இருந்த மஞ்சள் பாரி மட்டும் கட்டு அவிழ்ந்து, சட்டியின் விளிம்பில் நனைந்த நூல் மாதிரி தொங்கிக் கிடந்தது.

அன்றைக்குக் கூழ் ஊற்றினார்கள். குடித்தார்கள். இழவு வீட்டில் குடிக்கிற மாதிரி குடித்தார்கள்.

உரலில் நசுங்கினது போகப் பூவாயியின் விதை மிஞ்சிற்று. அதைத்தான் ஊர் முழுக்கக் கைப்பிடி கைப்பிடியாகப் பிரித்துக்கொண்டார்கள். மழை அந்த வருசம் நன்றாகப் பெய்தது, அதுதான் கொடுமை. ஈரம் காய்ந்து வீணாவதைப் பார்த்துக்கொண்டு பாதி நிலம் தரிசாகக் கிடந்தது. தையில் அறுத்தது சித்திரைக்குக் காணவில்லை. சில வீட்டு ஆண்கள் கூலிக்கு அசலூர் போனார்கள். இருளாயியை யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அவள் கிணற்றடிக்கு வந்தால் குடத்தை நகட்டினார்கள். அவள் இறைத்துவிட்டுப் போகும்வரை ஒரு வார்த்தை பேசாமல் தள்ளி நின்றார்கள். அந்த வருசம் ஊரில் பிள்ளைகள் பிறந்தன. சேனை வைக்க அவளை யாரும் கூப்பிடவில்லை.

மறு ஆடி வந்தது. ஊர் மந்தையில் கூடினார்கள். ஆண்டிப் பூசாரி, "இனிமேப்பட்டு பாரியே வேண்டாம்ப்பா. பொங்கல் வச்சுக் கும்பிட்டுப் போவோம்" என்றார்.

"அதெப்படி? பாரி எடுக்காம மழை பெய்யுமா?" என்றாள் சீனியம்மா. "எடுப்போம். அவ எடுக்கக் கூடாது. பூவாயி முன்பாரியா நடக்கட்டும். அளக்கவே வேண்டாம்."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். பூவாயி எழுந்தாள்.

"நான் முன்னால போக மாட்டேன்."

"ஏன்டி?"

"முன்னால போனா பின்னால வர்ற அத்தனை பேரும் என் முதுகத்தான் பாப்பீக. என்ன நெனப்போட பாப்பீகன்னு எனக்குத் தெரியும். போன வருசம் அப்படிப் பாத்துக்கிட்டு வந்தவ நான்." சீனியம்மா பக்கம் திரும்பினாள். "நீங்க பாக்கலயா மதினி? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

சீனியம்மா நெஞ்சைத் தொடவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கூட்டத்தில் பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் மண்ணைப் பார்த்தார்கள்.

"வீட்டுக்கு ஒரு கைப்பிடி வாங்குவோம்" என்றாள் பூவாயி. "கம்பு இருக்கவுக கம்பு, பயறு இருக்கவுக பயறு, மொச்சை, எள்ளு, சோளம், எது இருக்கோ அது. எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து, அதுலருந்துதான் எல்லாச் சட்டிக்கும் போடணும். சட்டி அத்தனையும் ஒரே வீட்டுல, யாரு கண்ணும் படாம, கதவச் சாத்தி வளக்கணும். அளக்கவும் வேண்டாம், விதையும் வாங்க வேண்டாம். அவுகவுக விதைய அவுகவுக வச்சுக்கங்க."

"சரி, கதவச் சாத்துனா உள்ள போயித் தண்ணி தெளிக்கிறது யாரு?" என்று பூசாரி கேட்டார்.

பூவாயி கூட்டத்தின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே புளியமரத்தோடு மரமாக இருளாயி நின்றுகொண்டிருந்தாள்.

"அவளா!" மந்தையே எழுந்து நின்றுவிட்டது. "ஊர விதையத்துப் போக வச்சவ கையிலயா?"

"இந்த ஊர்ல இருட்டுல பயிர் வளக்கத் தெரிஞ்சது அவுக ஒருத்திதானே" என்றாள் பூவாயி.

எங்கேயோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அது பக்கத்தில் தொற்றிற்று. ஒரு வருசமாகச் சிரிக்காத ஊர், கோபத்தை முழுக்க விடாமலேயே, கண்ணில் நீர் வரச் சிரித்தது. இருளாயி சிரிக்கவில்லை. சீலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அவள் வீட்டு உள்வீட்டிலேயே சட்டிகளை அடுக்கினார்கள். வண்டு விழுந்த குலுமையை உடைத்து வெளியே எறிந்துவிட்டு, தரையைச் சாணியால் மெழுகி, சட்டிகளை ஒட்ட ஒட்ட வைத்தார்கள். மாலையானால் பெண்கள் வாசலில் வட்டமாக நின்று கும்மி கொட்டினார்கள். இருளாயி ஒருவேளை மட்டும் உப்பில்லாமல் சாப்பிட்டு, தலை முழுகி, தண்ணீர்ச் செம்போடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே போனதும் தன் சட்டியைத் தேடினாள். பொய் சொல்லக் கூடாது, தேடத்தான் செய்தாள். மனசு ஒரே வருசத்தில் கழுவி வைத்த சொம்பாகிவிடுமா? விளிம்பில் சின்னதாக ஒரு சில்லுப் பெயர்ந்த சட்டி அவளுடையது. இருட்டில் விளிம்பு விளிம்பாகத் தடவிப் பார்த்தாள். மண்சட்டிதானே, எல்லாவற்றிலும் எங்காவது ஒரு சில்லுப் பெயர்ந்திருந்தது. பூவாயியின் சட்டி எது என்றும் தடவினாள். அதுவும் தெரியவில்லை. இதில் குறைத்துத் தெளித்தால் அது தன்னுடையதாக இருந்துவிடலாம். அதில் கூட்டித் தெளித்தால் அது சீனியம்மாவுடையதாக இருந்துவிடலாம். பிறகு, வேறு வழி இல்லாமல், எல்லாச் சட்டிக்கும் ஒரே மாதிரித் தெளித்தாள்.

கும்பிடு நாளன்று கதவைத் திறந்தபோது சட்டிகள் அத்தனையும் ஒரே உசரம், ஒரே மஞ்சள். கைக்குக் கிடைத்ததை ஆளுக்கொன்றாகத் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்போது தொடங்கினதுதான்: முளைப்பாரி ஊர் விதையெல்லாம் ஒன்றாய்க் கலந்து ஒரே வீட்டு இருட்டில் வளர்வதும், வெயில் காணாத மஞ்சளாகத் தெருவுக்கு வருவதும், ஊர் சுற்றி முடிந்ததும் யாரும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துவிடாதபடி கண்மாய்த் தண்ணீரில் எல்லாம் ஒன்றாகக் கரைந்து போவதும்.